சிவப்பு மஞ்சளுக்கு எது வீடு?

ஷா ஆலாம் எல்ஆர்டி தடத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பண்டார் உத்தாமாவில் தொடங்கி கிள்ளான் ஜோஹான் செத்தியா வரை நீளும் அந்தத் தடத்தில் ‘ஸ்டேடியம் ஷா ஆலாம்’ என்று ஒரு நிலையம் இருக்கிறது. நிலையத்தைக் கட்டிவிட்டார்கள், அதற்குப் பெயர் கொடுத்த அரங்கம்தான் இல்லை. 1994 ஜூலை 16ஆம் நாள் திறக்கப்பட்ட ஷா ஆலாம் விளையாட்டரங்கத்தில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம். கூரை பழுதடைந்து, பாதுகாப்பில்லை என்று 2020இல் அது மூடப்பட்டது. 2024இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதே இடத்தில் ஏறக்குறைய 45,000 இருக்கைகளோடு புதிய ஷா ஆலாம் விளையாட்டு வளாகம் எழவிருக்கிறது. 2029இல் தயாராகிவிடும் என்பது திட்டம்.

கட்டுமானச் செய்தியாகப் படித்தால் அவ்வளவுதான். சிலாங்கூர் காற்பந்துக் குழுவின் ரசிகர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு அரை மணி நேரத்துக்கு நிற்காது. எங்கள் வீட்டில் அப்படி மூன்று பேர் இருக்கிறோம்: தாத்தா, அப்பா, நான். மூவரும் சிலாங்கூர்தான். ஆனால் “சிலாங்கூரின் அரங்கம் எது?” என்று கேட்டால் மூன்று பதில் வரும்.

தாத்தாவின் பதில் மெர்டேக்கா. அவர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பேருந்து ஏறி, புடு பக்கம் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக மேட்டில் நடந்து போனால் அரங்கம். 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று முழங்கிய அதே திடல்தான். பள்ளிப் பாடநூலில் நாம் பார்ப்பது அந்த முழக்கத்தை. தாத்தாவுக்கு அந்த இடத்தின் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது வேறு முழக்கம். மொக்தார் டஹாரி பந்தோடு திரும்பினால் அரங்கமே எழுந்து நிற்குமாம். அந்தக் காலச் சிலாங்கூர் குழுவில் சோ சின் ஆன், சந்தோக் சிங், கோல் காவலர் ஆர். ஆறுமுகம் எல்லாரும் இருந்தார்கள். ஆறுமுகத்தின் நீண்ட கைகளுக்காக அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தார்கள். 1988இல் சாலை விபத்தில் அவர் இறந்தபோது, தாத்தா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்று பாட்டி சொல்வார். ‘ஓலா போலா’ படத்தில் வரும் கோல் காவலர் முத்து பாத்திரத்துக்கு முன்மாதிரி அவர்தான். படத்தைப் பார்த்துவிட்டு வந்து தாத்தாவிடம் கதை சொன்னேன். “எனக்கே கதை சொல்றியா?” என்று சிரித்தார்.

சிலாங்கூர் 1994இல் மெர்டேக்காவை விட்டு ஷா ஆலாமுக்குப் போனது. இந்த இடமாற்றத்தைக் காகிதத்தில் பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1974 பிப்ரவரி முதல் நாளில் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. 1978இல் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகரானது. கோலாலம்பூருக்குத் தனிக் காற்பந்துக் குழுவும் வந்துவிட்டது. அதன் பிறகும் சிலாங்கூர் தன் மாநிலத்துக்கு வெளியே உள்ள அரங்கில் இருபது ஆண்டுகள் ஆடிக்கொண்டிருந்தது. ஆக 1994இல் நடந்தது வீடு மாறியதல்ல, வீடு திரும்பியது. வரைபடம் அப்படித்தான் சொல்கிறது.

தாத்தாவின் கணக்கு வேறு. “மெர்டேக்காவுக்கு ஒரு பஸ். ஷா ஆலாமுக்கு மூணு பஸ். ஆட்டம் முடிஞ்சா திரும்பி வர பஸ்ஸே கிடையாது.” கார் இல்லாத தாத்தா 1994க்குப் பிறகு அரங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்டு அல்ல. யாரும் அவரைத் தடுக்கவுமில்லை. போய்வர வழியில்லை, வானொலியோடும் தொலைக்காட்சியோடும் நின்றுவிட்டார். குழு இடம் மாறும்போது ரசிகர்கள் அழுவதையும் பதாகை பிடிப்பதையும் நாம் செய்தியில் பார்க்கிறோம். இப்படிச் சத்தமில்லாமல் கழன்றுபோனவர்களை எந்தப் படக்கருவியும் பிடிப்பதில்லை.

அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவருக்கு ஷா ஆலாம் பிரமிப்பு. பழைய டட்சன் காரில் ஆறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது அந்த வளைவான கூரை தூரத்திலேயே தெரியுமாம். காருக்குள் பாட்டு அங்கேயே தொடங்கிவிடும். அந்த ஆண்டு டிசம்பரில் மலேசியக் கிண்ண இறுதியாட்டமே அங்கு நடந்தது. சிங்கப்பூர் 4-0 என்று பகாங்கை வென்ற ஆட்டம். பல்லாயிரம் சிங்கப்பூர் ரசிகர்கள் எல்லை தாண்டி வந்து ஷா ஆலாமைத் தங்கள் ஊர்போல ஆக்கிவிட்டார்கள். அடுத்த மூன்று ஆண்டும், 1995, 1996, 1997, கிண்ணம் சிலாங்கூருக்கு. புது வீடு ராசியான வீடு என்று அப்பாவின் கூட்டாளிகள் முடிவு கட்டிவிட்டார்கள்.

2015 டிசம்பர் 12ஆம் நாள் அந்த அரங்கத்தின் உச்சம். கெடாவை 2-0 என வென்று சிலாங்கூர் 33ஆவது முறையாக மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. இரண்டு கோலும் ஹஸ்வான் பக்ரி போட்டவை. எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு ஒரே ஒரு சீட்டுதான் கிடைத்தது. நான் பத்துமலையில் வீட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, அந்தச் சிவப்பு மஞ்சள் கடலில் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். சிலாங்கூர் அதன் பிறகு இன்னும் மலேசியக் கிண்ணத்தை வெல்லவில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். எனக்கு நேரில் பார்த்த கிண்ணம் ஒன்றுமில்லை.

என்னுடைய முதல் அரங்கம், யாரும் பட்டியலில் சேர்க்காத ஒன்று. 2017இல் சிலாங்கூர் ஷா ஆலாமில் ஆடவில்லை. குழு எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது: பண்டார் பாரு செலாயாங்கில் உள்ள நகராண்மைக் கழக அரங்கம். பத்துமலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். ஷா ஆலாமைப் பார்த்துப் பழகிய பலருக்கு அது அவமானம். ‘33 முறை கிண்ணம் வென்ற குழுவுக்கு இதுவா அரங்கம்?’ என்று அப்பாவே புலம்பினார். எனக்கோ, தீபாவளி வீட்டுக்கே வந்தது போல. வேலியோரம் நின்றால் ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது காதில் விழும். பயிற்றுநர் திட்டுவதும் விழும். அரங்கத்துக்கு வெளியே கச்சான் விற்ற அக்கா இரண்டாவது ஆட்டத்திலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டார். 23 ஆண்டுகளுக்குப் பிறகு தாத்தாவும் வந்தார், அப்பாவின் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து. முதல் பாதி முழுக்கக் குறை சொன்னார். இரண்டாம் பாதியில் நடுவரைத் திட்ட ஆரம்பித்தார். அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவர் திரும்ப வந்துவிட்டார் என்று.

அது நீடிக்கவில்லை. குழு செராஸ் போனது, 2019இல் ஷா ஆலாமுக்குத் திரும்பியது. அந்த ஆண்டு அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். பதினான்கு வயதில் நான் எதிர்பார்த்துப் போனது 2015இன் கடல். பார்த்தது, இங்கொரு திட்டாகவும் அங்கொரு திட்டாகவும் ஆட்கள் உட்கார்ந்திருந்த பெரிய கிண்ணம். சாதாரண லீக் ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பேர் வந்தாலும், 80,000 இருக்கைகளுக்கு நடுவே அவர்கள் காணாமல் போய்விடுவார்கள். நாங்கள் பாடியது கூரையில் பட்டுத் தாமதமாகத் திரும்பி வந்தது, வேறு யாரோ பாடுவது போல. அப்பா சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணுக்கு அந்த இருக்கைகளில் பழைய ஆட்கள் இருந்திருக்க வேண்டும். என் கண்ணுக்கு இருக்கைகள் மட்டும்தான் தெரிந்தன.

அதனால்தான் புதிய அரங்கத்தின் கொள்ளளவு பற்றி வீட்டில் ஓயாத சண்டை. 80,000ஐ இடித்துவிட்டு 45,000 கட்டுவது சிலாங்கூருக்குச் சிறுமை என்பது அப்பாவின் வாதம். கிண்ண இறுதியாட்டத்துக்கு மீண்டும் ஒரே ஒரு சீட்டுதான் கிடைக்கும் என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் 45,000 பக்கம். இறுதியாட்டம் ஆண்டுக்கு ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். லீக் ஆட்டம் மாதாமாதம் வருகிறது. ஒரு குழுவின் வீடு என்பது அந்தச் சாதாரண இரவுகளில் எப்படி இருக்கிறது என்பதுதான். ஜோகூரைப் பாருங்கள். ஜேடிடி 2020இல் லார்க்கினை விட்டு இஸ்கண்டார் புத்ரியில் உள்ள சுல்தான் இப்ராஹிம் அரங்கத்துக்கு மாறியது. அதன் அளவு ஏறக்குறைய 40,000தான். அங்கே ஆடப் போகும் எதிரணிக்கு அது சின்ன அரங்கமாகவா தெரிகிறது?

ஷா ஆலாம் மூடப்பட்டதிலிருந்து சிலாங்கூர் கெலானா ஜெயாவில், பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்ற அரங்கத்தில் ஆடுகிறது. ஏறக்குறைய 25,000 பேர் கொள்ளும் இடம். வந்த புதிதில் “இது நம்ம வீடு இல்ல, வாடகை வீடு” என்று சொன்ன என் கூட்டாளிகள், இப்போது எந்த வாயிலில் நுழைந்தால் வரிசை குறைவு, எந்த மாமாக் கடை ஆட்டம் முடிந்தும் திறந்திருக்கும் என்று புதியவர்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். தாத்தா இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்: பாலாலயம். கோயில் திருப்பணி நடக்கும்போது சாமியைச் சின்னதாக ஓரிடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள் அல்லவா, அதுபோல. “சாமி அங்கதான இருக்கு? அப்ப அங்க போய்க் கும்பிடு” என்பார். பூசை நின்றுவிடக்கூடாது என்பதுதான் அவர் கவலை.

பூசை நின்றுபோன கதையும் அதே கெலானா ஜெயாவில் இருக்கிறது, அது நம் சமூகத்துக்கு நெருக்கமான கதை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் குழு 2017இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதுப்பெயரோடு சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. நாட்டின் முதல்நிலை லீக்கில் நம் பையன்களுக்கென்று தொடங்கப்பட்ட ஒரு குழு! 2022 பருவத்துக்குப் பிறகு அது லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதன் ஆட்டம் ஒன்றுக்கு நானும் போயிருக்கிறேன். நல்ல அரங்கம், நல்ல புல்தரை, நல்ல ஆட்டம். கைதட்டினால் யார் தட்டினார்கள் என்று தனித்தனியாகத் தெரியும் அளவுக்குத்தான் கூட்டம். சிலாங்கூர் அரங்கத்தை இழந்தது, கூட்டத்தை இழக்கவில்லை. அந்தக் குழுவுக்கு அரங்கம் இருந்தது. கூட்டம் சேரவில்லை. நாம் ஏன் போகவில்லை என்ற கேள்வியை நம் பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கங்கள் என்றாவது விவாதித்தால் நானும் வந்து உட்காருகிறேன்.

இடம் மாறும் வலி நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் எவர்டன் 1892 முதல் ஆடிவந்த கூடிசன் பார்க்கில் ஆடவர் குழுவின் கடைசி ஆட்டம் 2025 மே 18ஆம் நாள் நடந்தது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, தாங்கள் காலமெல்லாம் உட்கார்ந்த இருக்கையைத் தொட்டுக்காட்டிய தாத்தாக்களைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஆனால் கூடிசனை இடிக்கவில்லை, மகளிர் குழுவுக்கு வீடாகக் கொடுத்துவிட்டார்கள். லண்டனின் வெஸ்ட் ஹாம் 2016இல் ஒலிம்பிக் அரங்கத்துக்கு மாறியபோது கதை வேறு. ஓட்டப் பந்தயத்துக்காகக் கட்டிய இடத்தில் திடல் எட்டாத தூரத்தில் இருக்கிறது என்ற குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது. 2018 மார்ச்சில் பர்ன்லிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே ரசிகர்கள் சிலர் திடலுக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள்.

நம் மெர்டேக்கா அரங்கமும் தப்பித்துவிட்டது. இன்று மெர்டேக்கா 118 கோபுரத்தின் காலடியில் அது பொம்மைபோலத் தெரிகிறது என்றாலும், நாட்டின் விடுதலை அறிவிக்கப்பட்ட இடம் என்பதால் பழையபடி சீரமைத்துப் பாதுகாக்கிறார்கள். ஷா ஆலாமில் நடந்ததில் பெரும்பகுதி காற்பந்து. அதைக் காப்பாற்ற அது மட்டும் போதவில்லை. கூரை விழும் நிலையில் உள்ள கட்டடத்தை உணர்ச்சிக்காக வைத்திருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. இடிப்புப் படங்கள் வந்த நாளில் அப்பா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்ததும் எனக்குப் புரிகிறது.

சரி, புது அரங்கத்தில் எங்களுக்கு என்ன வேண்டும்? கூரை எந்த வடிவம், இருக்கை எந்த நிறம் என்பதில் எனக்குப் பெரிய கருத்தில்லை. (சிவப்பும் மஞ்சளும் இருக்கட்டும்.) என் கேள்வி தாத்தா 1994இல் கேட்ட அதே கேள்விதான்: ஆட்டம் முடிந்து எப்படி வீடு திரும்புவது?

இந்த முறை வழி இருக்கிறது. பத்துமலையில் கேடிஎம் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து கிளானா ஜெயா தடத்தில் கிளென்மேரி, மாறி ஏறினால் ஸ்டேடியம் ஷா ஆலாம். மூன்று பஸ்ஸுக்குப் பதில் மூன்று ரயில், ஆனால் ரயிலுக்கு நெரிசல் இல்லை. போவது சுலபம். நம் நாட்டில் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தொடங்குகின்றன. முடிந்து வெளியே வர பதினொன்றை நெருங்கிவிடும். அந்த நேரத்தில் இரண்டு இடத்தில் மாறிப் பத்துமலைக்குக் கடைசி ரயிலைப் பிடிப்பது, பிடிக்கத் தவறினால் கிராப் காருக்குச் சீட்டு விலையைவிட அதிகம் கொடுப்பது என்று கணக்குப் போடும்போதே பாதி மாணவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். என் நிலையில் இன்னொன்றும் உண்டு. பெண்பிள்ளை நள்ளிரவில் தனியாக வருவதா என்று அம்மா கேட்பார். கேட்பதில் தவறும் இல்லை. இப்போதே எண்பதாம் நிமிடத்தில் எழுந்து ஓடும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். அவர்கள் பார்க்காமல் போன கடைசி நிமிட கோல்களை வைத்தே ஒரு தொகுப்பு போடலாம்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு இரவு முழுவதும் ரயில் ஓடுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். கூட்டம் எங்கே, எப்போது என்று தெரிந்தால் ரயிலை ஓட்ட நம்மால் முடிகிறது. ஆட்ட அட்டவணை மாதக் கணக்கில் முன்பே வந்துவிடுகிறது. ஆட்ட இரவுகளில் மட்டும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்றாலே போதும். கட்டணமும் அப்படித்தான். புது அரங்கத்தைச் சுற்றி வணிகப் பகுதிகள் வரப்போவதாகச் சொல்கிறார்கள், வரட்டும். அந்தப் பளபளப்புக்கு ஏற்றபடி சீட்டு விலையும் ஏறிவிட்டால், கோலுக்குப் பின்னால் நின்று தொண்ணூறு நிமிடமும் பாடுகிறவர்கள்தான் முதலில் வெளியே நிற்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள், பகுதிநேர வேலைக் காசில் சீட்டு வாங்குகிறவர்கள். மாணவர்களுக்கென்று ஒரு பகுதி, மாணவர்களுக்கு ஏற்ற விலை என்று இப்போதே எழுதி வைக்கலாம். கட்டடம் எழுந்த பிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள். செலாயாங்கில் கச்சான் விற்ற அக்காவைப் போன்றவர்களுக்கு வாசலில் ஓரிடம் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றத்தை நம் ஆட்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. 2018இல் பத்துமலைப் படிகளுக்கு வண்ணம் அடித்தபோது பாட்டி ஒரு வாரம் திட்டினார். அடுத்த வாரம் அதே படியில் நின்று, ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பப் படம் எடுக்கச் சொன்னார். கெலானா ஜெயாவை வாடகை வீடு என்றவர்களே நாளை அதை விட்டுப் போகும்போது கண்கலங்குவார்கள், பாருங்கள்.

2029இல் எனக்கு இருபத்து நான்கு வயதாகும். வேலைக்குப் போயிருப்பேன். அப்பா ஓய்வுக்கு நெருங்கியிருப்பார். தாத்தா எண்பதைத் தாண்டியிருப்பார். முதல் ஆட்டத்துக்கு மூன்று சீட்டு என் செலவு என்று சொல்லியாயிற்று. அப்பா நடுத்திடலுக்கு நேராக வேண்டும் என்கிறார். நான் கோலுக்குப் பின்னால்தான் என்று நிற்கிறேன். தாத்தாவுக்கு ஒரே ஒரு கேள்வி: இருக்கைக்கு எத்தனை படி ஏற வேண்டும்? 272 இருக்காது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.